திரும்பும் பறவையும் எழுதப்படாத நாளும்: கல்வராயன் மலையை முன்வைத்து வலசைப் பதிவுகளின் வரலாறு

முன்னுரை

சித்திரை மாதத் தொடக்கத்தில், இரவெல்லாம் இடியுடன் மழை பெய்து ஓய்ந்த ஒரு விடியலில், வெள்ளிமலையை அடுத்த ஓர் ஓடைச் சரிவில் இக்கட்டுரையாளர் நின்றிருந்தார். தூறல் முற்றிலும் நிற்கவில்லை. புதருக்குள்ளிருந்து இரண்டு அசைகொண்ட சீழ்க்கையொலி ஒன்று விட்டுவிட்டுக் கேட்டது. தமிழகத்தில் ஆறுமணிக் குருவி என்றும் பொன்னுத்தொட்டான் என்றும் அழைக்கப்படும் பறவையின் குரல் அது. விடியலிலும் அந்தியிலும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் முதற்பெயர் அமைந்தது. இப்பறவை வடகிழக்குப் பருவமழையை ஒட்டித் தென்னாட்டுக்கு வந்து, கோடை தொடங்கியபின் வடக்கே திரும்பி, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நடு இந்தியக் காடுகளிலும் இமயமலை அடிவாரத்திலும் கூடு கட்டுகிறது. ஆகவே அன்று கேட்டது, புறப்படும் தறுவாயில் இருந்த ஒரு பறவையின் குரலாகவோ, இன்னும் தெற்கிலிருந்து வந்து வழியில் இறங்கிய ஒரு பறவையின் குரலாகவோ இருந்திருக்க வேண்டும்.

வழியில் இறங்கியது என்று கருதுவதற்கு மழை ஒரு காரணமாகிறது. சிறு பறவைகளுள் பல இரவில் பறந்தே வலசை போகின்றன. தமிழகத்தின் கோடை மழையோ பெரும்பாலும் பிற்பகலில் திரண்டு மாலையிலும் முன்னிரவிலும் பொழிவது. பறந்துகொண்டிருக்கும் பறவை மழையையும் எதிர்க்காற்றையும் சந்தித்தால் கீழிறங்கி, அருகிலுள்ள மரச்செறிவில் ஒதுங்குகிறது. அதனால் வானம் தெளிவாக இருந்தால் தலைக்கு மேலே எவரும் அறியாமல் கடந்திருக்கக்கூடிய பறவைகள், மழை பெய்த மறுநாள் காலையில் கண்ணில் படுகின்றன. இளவேனிலின் மழைக்காலை பறவை நோக்கர்க்கு வாய்ப்பானது என்று சொல்லப்படுவதன் அடிப்படை இதுவே.

அந்தக் காலையில் எழுந்த வினா பறவையியல் சார்ந்தது அன்று, வரலாறு சார்ந்தது. இம்மலைகளிலிருந்து வலசைப் பறவைகள் எப்போது புறப்படுகின்றன என்பதை யார், எங்கே, எப்போது எழுதி வைத்தனர்? வருகையைப் பற்றிய குறிப்புகள் எளிதில் கிடைக்க, புறப்பாட்டைப் பற்றியவை அரிதாக இருப்பது ஏன்? பறவைகளின் இயல்பு இதற்கு ஓரளவே காரணம் என்றும், பதிவு செய்தவர்களின் நாட்காட்டியும் நிலவுடைமையின் வரலாறுமே பெருங்காரணங்கள் என்றும் இக்கட்டுரை கருதுகிறது.

சொல்லும் பாட்டும்

வலசை என்னும் சொல்லை இன்று நாம் பறவைகளுக்கே பெரும்பாலும் வழங்குகிறோம். பகைப்படைக்கு அஞ்சிக் குடிகள் ஊரைவிட்டு வெளியேறுதல் என்பதே தமிழ்ப் பேரகராதி தரும் பொருள். வந்து சேர்வதை அன்று, விட்டுப் போவதையே அச்சொல் முதலில் குறித்தது. ஆயினும் வலசைப் பறவைகள் என்றவுடன் இன்று நம் மனத்தில் தோன்றுவது, ஐப்பசி கார்த்திகையில் ஏரிகளுக்கு வந்திறங்கும் கூட்டங்களே. சொல் இருபதாம் நூற்றாண்டில் புதுவழக்குப் பெற்றபோது அதன் திசையும் மாறிவிட்டது.

பழந்தமிழ்ப் பாடல்களுள் இரண்டு இங்கு நினைக்கத்தக்கவை. புறநானூற்றின் 67ஆம் பாடலில் பிசிராந்தையார், குமரித்துறையில் இரை அருந்தி வடமலை நோக்கிப் புறப்படும் அன்னச்சேவலை விளித்து, வழியில் உறையூரில் கோப்பெருஞ்சோழனின் மாடத்தில் தங்குமாறு கூறுகிறார். காலத்தால் பிற்பட்ட சத்திமுத்தப் புலவர், பெடையோடு தென்குமரியில் நீராடி வடதிசைக்கு மீளும் நாரையை விளித்துத் தம் ஊர்க் குளத்தில் இறங்கி மனைவிக்குச் செய்தி சொல்லக் கேட்கிறார். இரண்டிலும் பறவை வடக்கே திரும்புவது; இரண்டிலும் வழித்தங்கல் உண்டு. இவற்றைக் களக்குறிப்புகளாகக் கொள்ளுதல் தவறு. சத்திமுத்தப் புலவர் குளிரில் நடுங்கும் தம் நிலையைச் சொல்வதால், பாடலின் பருவம் கோடைத் தொடக்கத்துக்குப் பொருந்தாது. பிசிராந்தையாரின் அன்னம் மாலைப்பொழுதில் விளிக்கப்படுவதைக்கொண்டு இரவு வலசையை அவர் அறிந்திருந்தார் என்று வாதிடவும் ஆசை எழலாம். அதனை அடக்கிக்கொள்வதே நன்று. தூது இலக்கியத்தின் தேவையே பறவையைத் திரும்பும் திசையில் வைத்தது. எனினும் ஒன்றை மறுக்க இயலாது. திரும்பும் பறவையைக் கவனித்துப் பொருட்படுத்தும் ஒரு மரபு இம்மொழியில் இருந்தது. அச்சில் உருவான பறவையியல் அம்மரபோடு எவ்வகையிலும் தொடர்பு கொள்ளவில்லை. சங்க இலக்கியப் புள்ளினங்களை அறிவியலோடு ஒப்பிட்ட பி. எல். சாமியின் ஆய்வும், தமிழ்ப் பறவைப் பெயர்களைத் திரட்டிய க. ரத்னத்தின் உழைப்பும் இனங்களை அடையாளம் காண்பதில் பெரும்பணி ஆற்றின. இவ்விரு பாடல்களில் உள்ள திசையைப் பற்றிய கேள்வி அவர்களுடைய நோக்கத்துக்கு அப்பாற்பட்டது.

முதல் நாளின் மரபு

பறவைகளின் பருவ வருகையைத் தேதியிட்டுக் குறிக்கும் பழக்கம் இந்தியாவுக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. நார்ஃபோக்கைச் சேர்ந்த நிலக்கிழார் ராபர்ட் மார்ஷம் 1736 முதல் இளவேனிலின் அறிகுறிகளை ஆண்டுதோறும் எழுதிவந்தார்; அக்குறிப்புகள் 1789இல் ராயல் சொசைட்டியால் வெளியிடப்பட்டன. அவர் குடும்பத்தினர் அப்பணியை 1958 வரை தொடர்ந்தனர். மார்ஷத்தோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்த கில்பர்ட் வைட்டின் செல்போர்ன் நூல் வெளிவந்ததும் அதே 1789இல்தான். முதல் தகைவிலான், முதல் குயில், முதல் தளிர் என அங்கே இளவேனில் என்பது வருகையின் காலம். நெடுங்குளிர் முடிந்ததற்கான சான்றாகவே பறவை எழுதப்பட்டது.

இதே மரபில் புறப்பாடு பட்ட பாடு கவனத்துக்குரியது. தகைவிலான்கள் கூதிரில் எங்கே போகின்றன என்பதில் வைட்டுக்கே இறுதிவரை ஐயம் இருந்தது. அவற்றுள் சில ஒளிந்து உறங்கிக் குளிர்காலத்தைக் கழிக்கக்கூடும் என்னும் எண்ணத்தை அவர் முழுமையாகக் கைவிடவில்லை. ஒரு பறவை வந்த நாளைக் கண்ணால் காணலாம். போன நாளை எவரும் காண்பதில்லை. சில நாட்கள் கழிந்தபின், அது இப்போது இல்லை என்று உணர மட்டுமே முடியும். கூர்ந்த நோக்கரையும் தடுமாறச் செய்தது இந்த வேறுபாடே.

இப்பழக்கம் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது பருவம் தலைகீழானது. ஐரோப்பிய அலுவலர்க்கு இங்கே மகிழ்வூட்டும் காலம் குளிர்காலம். வலசைப் பறவைகள் வருவதும் அப்போதே. காடை, உள்ளான், வாத்து ஆகியவற்றின் வரவு வேட்டைக்காரர்களுக்குத் திருநாள். மாவட்டக் கையேடுகளில் விலங்கினம் பற்றிய பகுதிகள் பெரிதும் வேட்டை நோக்கில் எழுதப்பட்டவை என்பதை அவற்றைப் புரட்டியோர் அறிவர். பங்குனி பிறந்ததும் வசதியுடையோர் உதகைக்கும் ஏற்காட்டுக்கும் ஏறினர். சமவெளியிலும் தாழ்ந்த மலைகளிலும் பறவைகள் திரும்பும் காலம், அவற்றை எழுதக்கூடியவர்கள் அங்கே இல்லாத காலமாயிற்று. சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய தாமஸ் ஜெர்டன் இதற்குப் பெரும் விலக்கு. 1839 முதல் சென்னை இலக்கிய அறிவியல் இதழில் வெளியான அவருடைய தீபகற்பப் பறவைகளின் பட்டியலும், 1862 முதல் 1864 வரை வெளிவந்த இந்தியப் பறவைகள் நூலும் தென்னாட்டுப் பறவையியலின் அடித்தளம். உள்ளூர்ப் பெயர்களைக் கேட்டெழுதும் வழக்கம் உடையவர் அவர்.

காப்பித் தோட்டமும் ஜாகீரும்

சேர்வராயன் மலையும் கல்வராயன் மலையும் அண்டை மலைகள். இரண்டிலும் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். ஆனால் பறவையியல் எழுத்தில் அவற்றின் இடம் ஒன்றாக இல்லை. சேர்வராயனில் 1820களிலேயே மாவட்ட ஆட்சியர் காக்பர்ன் காப்பிப் பயிரை ஊக்குவித்தார். தோட்டம் வந்ததால் பாதை வந்தது. பாதையால் மாளிகைகளும் தேவாலயமும் பள்ளிகளும் வந்தன. துப்பாக்கியும் குறிப்பேடும் உடைய ஐரோப்பியர் ஆண்டு முழுவதும் தங்கும் இடமாக ஏற்காடு மாறியது.

கல்வராயனின் வரலாறு வேறு. தென்னார்க்காட்டுப் பகுதியில் அம்மலை சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்னும் மூவரின் ஜாகீர்களாக இருந்தது. குடிகள் ஜாகீர்தாருக்கு வரியும் உழைப்பும் கொடுத்தனர். அரசின் நேரடி நிர்வாகம் மலையேறவில்லை. நாடு விடுதலை பெற்று, ஜமீன்கள் ஒழிந்த பின்னரும் இந்நிலை நீடித்து, 1976இல்தான் முடிவுக்கு வந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019இல். தென்னார்க்காடு பற்றிய கார்ஸ்டினின் கையேடும் (1878) பிரான்சிஸின் விவரச்சுவடியும் (1906), சேலம் பற்றிய லெஃபானுவின் கையேடும் (1883), பழங்குடிகளைப் பற்றிய தர்ஸ்டனின் தொகுதிகளும் (1909) இத்தகைய மலைகளைப் பற்றி எழுதும்போது வரி, சந்தனம், மணவழக்கு, காய்ச்சல் ஆகியவற்றில் கருத்துச் செலுத்துகின்றன. பறவைகளை நாள்தோறும் கண்டு எழுத, அங்கு ஒருவர் தங்கியிருக்க வேண்டுமல்லவா? தங்குவதற்கான பொருளாதாரக் காரணம் எதுவும் அந்த நூற்றாண்டில் கல்வராயனில் உருவாகவில்லை.

ஜாகீரை சமஸ்தானத்தோடு ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். நேரடி ஆட்சிக்கு வெளியே இருந்தமை மட்டுமே பதிவின்மைக்குக் காரணம் ஆகாது. ஐதராபாத் சமஸ்தானத்தில் 1931-32இலும், திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் 1933இலும் சாலிம் அலி பறவைக் கணக்காய்வு நடத்தினார். சமஸ்தான அரசுகளின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. அறிவியலுக்குப் பொருள் ஒதுக்கும் ஆற்றலும், அதனால் பெருமை அடையும் விருப்பமும் பெரிய சமஸ்தானங்களுக்கு இருந்தன. மலைமேல் இருந்த சிறு ஜாகீருக்கு அவ்விரண்டும் இல்லை. ஆக, கல்வராயன் இரு ஏற்பாடுகளுக்கும் இடையே விழுந்தது. பறவைகளைப் பற்றிய மௌனமாக நமக்குத் தோன்றுவது, நிலவுரிமையின் ஒரு விளைவு.

அடையாளச் சீட்டு சொல்வன

கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் பறவைகள் முதன்முறையாகத் திட்டமிட்டு ஆராயப்பட்டது வெர்னே கணக்காய்வில். நியூயார்க்கில் பழம்பொருள் வணிகராக விளங்கிய ஆர்தர் வெர்னேயின் பொருளுதவியோடு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1929இல் அதனைத் தொடங்கியது. கழகத்தைச் சேர்ந்த லாபெர்சோன் களத்தில் பறவைகளைச் சேகரித்தார். சேர்வராயன், சித்தேரி மலைகள் முதல் வடக்கே நல்லமலைவரை பல இடங்களில் முகாம்கள் அமைந்தன. சேகரிப்பை ஆராய்ந்து எழுதியவர்கள், பஞ்சாபில் காவல்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பிய ஹியூ விசிலரும், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நார்மன் கின்னியரும். அவர்களின் அறிக்கை 1930 முதல் 1937 வரை கழகத்தின் இதழில் 16 பகுதிகளாக வெளிவந்தது.

இவ்வறிக்கையின் மதிப்பு, அது முன்வைத்த சான்றின் தன்மையில் உள்ளது. சேகரித்த ஒவ்வொரு பறவையின் காலிலும் ஒரு சீட்டு கட்டப்படும். அதில் நாள், இடம், பால் ஆகியவற்றோடு இனப்பெருக்க உறுப்புகளின் நிலையும் குறிக்கப்பட வேண்டும் என்பதில் விசிலர் கண்டிப்பானவர். இறகுதிர்வையும் மண்டையோட்டின் முதிர்ச்சியையும் கவனிக்க வேண்டும் என்று சாலிம் அலிக்குக் கற்பித்தவரும் அவரே. வலசை ஆய்வுக்கு இது எப்படி உதவும்? வடக்கே கூடுகட்டும் ஒரு பறவை, புறப்படுவதற்கு முந்தைய வாரங்களில் உடலில் கொழுப்பைச் சேமிக்கிறது. பல இனங்கள் அப்போது இறகு மாற்றிப் புதுக்கோலம் கொள்கின்றன. இனப்பெருக்க உறுப்புகளும் பெருக்கத் தொடங்குகின்றன. பங்குனியில் தென்னாட்டு மலையொன்றில் சேகரிக்கப்பட்ட பறவையின் சீட்டில் இவை இருந்தால், அது அங்கே கூடுகட்டவில்லை, புறப்பட ஆயத்தமாக இருந்தது என்று பல்லாயிரம் கல் தொலைவில் அமர்ந்திருப்பவரும் ஊகிக்க முடிந்தது. கண்ணால் காண முடியாத புறப்பாட்டை உடலிலிருந்து படித்தறியும் முறை இது. அதற்குப் பறவையைக் கொல்ல வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இம்முறைக்கு வேறொரு குறையும் உண்டு. முகாம் ஓரிடத்தில் சில வாரங்கள் தங்கி அடுத்த மலைக்கு நகரும். முகாம் புறப்பட்ட நாள் தெரியும்; பறவை புறப்பட்ட நாள் தெரியாது. அது தெரியக்கூடியவர்கள் மலையில் ஆண்டு முழுவதும் இருந்த குடிகள் மட்டுமே. சேகரித்தவர் பெயருக்குச் சீட்டில் இடம் இருந்தது. காட்டில் வழிகாட்டியவர், பறவை ஒதுங்கும் புதரைச் சுட்டியவர், அதன் பெயரைச் சொன்னவர் ஆகியோருக்கு இடம் இல்லை.

அவ்வறிவு எத்தகையது என்பதற்கு இதே மலைத்தொடரிலிருந்து ஒரு சான்று உண்டு. ஜெர்டன் சேகரித்து, 1848இல் எட்வர்ட் பிளைத் விவரித்த ஜெர்டன் ஓடுபறவை 1900க்குப் பிறகு எவர் பதிவிலும் இல்லாமல் அழிந்ததாகவே கருதப்பட்டது. 1986இல் ஆந்திரத்தின் கடப்பைப் பகுதியில் அது மீண்டும் கிடைத்தது. பம்பாய்க் கழகத்தின் பாரத் பூஷண் அங்கே ஆய்வு நடத்திவந்தார்; பறவையை இரவில் விளக்கொளியில் பிடித்துத் தந்தவர் அய்தன்னா என்னும் உள்ளூர்ப் பறவைபிடிப்பாளர். அறிவியல் 86 ஆண்டுகள் தொலைத்திருந்த பறவையை உள்ளூர் அறிவின் துணையோடுதான் மீட்க முடிந்தது. ஓடுபறவை வலசை போவதில்லை. ஆயினும் பதிவில் இல்லாமையும் காட்டில் இல்லாமையும் வேறுவேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. கல்வராயன் மலையாளிகளிடையே வாய்மொழி வழக்காறுகளைத் தொகுப்போர், பறவைகள் எப்போது காணாமற்போகின்றன என்னும் கேள்வியையும் வினாநிரலில் சேர்ப்பது இக்காரணத்தால் அவசரமானது. ஆண்டுக் கணக்கைத் தினை, சாமை விதைப்போடு இணைத்துச் சொல்லக்கூடிய தலைமுறை முதுமையடைந்து வருகிறது.

ஏரியும் மலையும்

சமவெளியில் நிலைமை சற்று மேம்பட்டது. வேடந்தாங்கல் உழவர்கள், எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்து பறவைகளைக் காத்தனர். படைவீரர் சுடுவதற்கு எதிராக அவர்கள் முறையிட, ஆட்சியர் லயனல் பிளேஸ் 1798இல் பாதுகாப்பு உரிமை வழங்கினார். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. அங்கே பறவையின் வரவும் போக்கும் பாசனத்தோடு பிணைந்தவை. ஏரி வற்றினால் பறவை போகும் என்பதை ஊரே அறியும். கோடியக்கரையில் நடந்தது வேறு வகையானது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் உதவியோடு பம்பாய்க் கழகம் 1959இல் தொடங்கிய வலசை ஆய்வு, பறவையின் காலில் எண்ணிட்ட உலோக வளையம் பூட்டி விடுவித்தது. கியாசனூர் காட்டுக் காய்ச்சல் 1957இல் மைசூர்ப் பகுதியில் தோன்றியபோது, அதைப் பறவைகள் கொண்டுவந்திருக்குமோ என்னும் ஐயமே அதற்குத் தூண்டுகோல். நோய் எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி. இங்கும் வருகைக்கே முதன்மை என்பதைக் கவனிக்கலாம். ஆனால் வளையங்கள் சோவியத் நாட்டின் தொலைதூரப் பகுதிகளிலிருந்து மீட்கப்பட்டபோது, விடை எதிர்த்திசையில் கிடைத்தது: பறவை எங்கே போயிற்று என்பது தெரிந்தது. எப்போது புறப்பட்டது என்பதை மட்டும் வளையம் தானாகச் சொல்லாது.

ஆறுமணிக் குருவி போன்ற காட்டுப் பறவைகளுக்கு வேடந்தாங்கலும் இல்லை, கோடியக்கரையைப் போல நீண்டகாலம் இயங்கிய வளையமிடும் நிலையம் மலையிலும் இல்லை. செய்தித்தாள்களில் இப்பறவை தலைகாட்டுவது பெரும்பாலும் ஐப்பசியை ஒட்டியே. நெடும்பயணத்தில் சோர்ந்து நகர வீடுகளுக்குள் நுழைந்துவிட்ட வண்ணப்பறவை ஒன்றைப் பொதுமக்கள் மீட்ட செய்தி அவ்வப்போது படத்தோடு வெளிவரும். அதே பறவை சித்திரையில் திரும்பிப் போவது செய்தியாவதில்லை.

கடைசி நாள் என்னும் சிக்கல்

இருபத்தொன்றாம் நூற்றாண்டின் மக்கள் அறிவியலும் இச்சாய்வோடுதான் தொடங்கியது. தேசிய உயிரியல் ஆய்வு மையம் இந்தியன் பேர்ட்ஸ் இதழோடு இணைந்து 2007இல் தொடங்கிய மைக்ரன்ட்வாட்ச் திட்டம், குளிர்கால வலசைப் பறவைகள் சிலவற்றின் முதல் வருகை நாளைப் பொதுமக்களிடம் கேட்டது. தமிழகத்தில் பெருந்திரளானோர் பங்கேற்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு தை மாதத்தில் நடைபெறுகிறது; உலகளாவிய முற்றப் பறவைக் கணக்கெடுப்பு மாசியில். விடுமுறையும் இதமான வானிலையும் இவற்றைத் தீர்மானிக்கின்றன. இதில் குறைசொல்ல ஏதுமில்லை. ஆனால் பிற்கால வரலாற்றாசிரியர் இத்தரவுகளைக் காணும்போது, தமிழகத்தில் பறவைகள் தையில் பெருகிச் சித்திரையில் அருகின என்று கருதிவிட இடமுண்டு. அருகியது பறவையா, நோக்கரா என்று பிரித்தறிய வேண்டும். காப்பகச் சான்றுகளில் நாம் எழுப்பும் வழக்கமான கேள்வியே இது. ஆவணம் இல்லாத ஆண்டை நிகழ்வு இல்லாத ஆண்டாகக் கொள்ளக் கூடாது என்று மாணவர்க்குக் கற்பிக்கும் நாம், பறவைத் தரவை அவ்வாறே கொள்கிறோம்.

இதற்கு ஒரு தீர்வு இப்போது கைவசம் உள்ளது. இபேர்ட் தளத்தில் பதிவிடுவோர், தாம் கண்டும் கேட்டும் அறிந்த எல்லா இனங்களையும், செலவிட்ட நேரத்தையும் சேர்த்து முழுப்பட்டியலாகத் தரலாம். முழுப்பட்டியலில் ஒரு பறவை இடம்பெறாமையும் சான்றாகிறது. ஏனெனில் நோக்கர் அங்கே இருந்தார், தேடினார், அது அவருக்குப் புலப்படவில்லை என்பது பதிவாகிறது. மார்ஷமும் வைட்டும் தேடிய கருவி இது எனலாம். ஒரே ஓடைச் சரிவில் பங்குனி நடுவிலிருந்து வைகாசிவரை நாள்தோறும் பதினைந்து நிமிடம் நின்று எழுதப்படும் பட்டியல்கள், தை மாதத்தின் நூறு பட்டியல்கள் தராத செய்தியைத் தரும். வெள்ளிமலை வட்டாரத்தில் பள்ளிகளும் ஆசிரியர்களும் உண்டு. தேவைப்படுவது ஆண்டு முழுவதும் அங்கே தங்கியிருப்போரின் கண்ணும் காதும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏற்காட்டுக்குக் கிடைத்துக் கல்வராயனுக்குக் கிடைக்காமற்போனதும் அதுவே.

மழைக்கு மறுநாள் கேட்ட குரல் அடுத்த இரு விடியல்களிலும் அதே சரிவிலிருந்து கேட்டது. மூன்றாம் இரவு வானம் தெளிந்திருந்தது. நான்காம் விடியலில் ஆறு மணிக்கு முன்பிருந்தே காத்திருந்தும், செம்போத்தும் கொண்டைக்குருவியும் தவிர வேறு குரல் எழவில்லை. குறிப்பேட்டில் அன்றைய பட்டியல் எழுதப்பட்டது. கடைசியாகக் கேட்ட நாள் என்னும் கட்டத்தில் முந்தைய நாளின் தேதி பென்சிலால் குறிக்கப்பட்டு, அருகே ஒரு கேள்விக்குறி இடப்பட்டுள்ளது.